‘இந்தப் பாடம் வராது’ என்று சொன்ன நசீறா ஆசிரியைக்கு

மறிச்சுக்கட்டி மண்ணிற் பிறந்து, மன்னார்த் தீவின் மைந்தர்க்கு விஞ்ஞானம் புகட்டி, அறுபது அகவை நிறைந்து, அப்பழுக்கற்ற நெஞ்சோடும் அநியாயமாகச் சுமத்தப்பட்ட அவப்பெயரோடும் இன்று எம்மிடமிருந்து விடைபெறும் ஆசிரியப் பெருந்தகை ஜனாபா நசீறா அவர்களே!

உள்ளதை உள்ளவாறு உரைத்த உறுதியே! கற்பித்த பின்னரே கணித்த கண்ணியமே! கைதட்டலுக்காக ஒரு சொல்லைக் கூட்டாத, கண்ணீருக்காக ஒரு சொல்லைக் குறைக்காத கடமையின் வடிவே! வணக்கம்.

இம்மண்டபத்தில் இதற்குமுன் விடைபெற்றோர் அனைவரையும் கலங்கரை விளக்கம் என்றும் கற்பகதரு என்றும் அழைத்தாயிற்று. அவர்களுட் சிலர் மணியடிக்குமுன்னரே மோட்டார் சைக்கிளில் ஏறியவர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். நான் பிரதி அதிபராக இருந்து ஓய்வுபெற்ற பின்னரும் இப்பாடசாலையின் பிரியாவிடை மடல்களை எழுதும் பணி என்னிடமே வருவது வழமை. இம்முறையும் ஆசிரியர் நலன்புரிச் சங்கத்தார் வந்தனர். “நாலு நல்ல சொல்லுப் போட்டு எழுதித் தாங்கோ டீச்சர். ஃபிரேம் சின்னன், ஒரு பக்கம் காணும்” என்றனர். ஒரு பக்கம் காணாது. சட்டத்தைப் பெரிதாகச் செய்துகொள்க. பழைய விவகாரம் எதையும் கிளறவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டனர். அவ்வேண்டுகோளையும் நான் ஏற்கவில்லை. அது பழைய விவகாரம் அன்று. வளர்ந்த பெண்பிள்ளை ஒருத்தியைச் சென்ற ஞாயிறு வரை வீட்டுக்குள் முடக்கி வைத்திருந்த விவகாரம். விடைபெறும் ஆசிரியை ஒருவரின் நற்பெயரை இந்த நாழிகை வரை பிடித்து வைத்திருக்கும் விவகாரம். இன்று அப்பெயரைத் திருப்பிக் கொடுக்காமல் அவர் தோளில் பொன்னாடையை மட்டும் போர்த்தி அனுப்புவதற்கு நான் எழுத்து வேலை செய்யமாட்டேன்.

இடர் நடுவிலும் இடையறாது கற்பித்த இலட்சியமே!

தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் என்பதால் உங்கள் ஊரார் அனைவரும் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டபோது, நீங்கள் நியமனம் பெற்றுச் சிறிது காலமே ஆன இளம் ஆசிரியை. புத்தளத்து அகதி முகாமில், கிடுகுக் கொட்டகையின் கீழ், கரும்பலகை இல்லாத வகுப்பில் கற்பித்தீர்கள். அங்கே பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளை ஒரே வாக்கியத்தால் உறங்கவைத்தார்கள்: “அடுத்த பெருநாள் ஊரிலதான்.” பெருநாள்கள் வந்தன, போயின, வாக்கியம் மாறவில்லை. உங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், நாங்க எப்ப ஊருக்குப் போவம்?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியாது மகள். தெரியிற வரைக்கும் வாய்ப்பாடு படிப்பம்” என்றீர்கள். அச்சிறுமிதான் இன்று இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியை ஸில்மியா. அம்முகாமில் தாம் முழுமையாக நம்பிய பெரியவர் நீங்கள் ஒருவரே என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்பினாற் சொல்லப்படும் பொய்யை யார் சொல்கிறார், ஈற்றில் அதை யார் சுமக்கிறார் என்பதை நீங்கள் நூலிற் படித்துத் தெரிந்தவரல்லர்.

அலையோரப் பிள்ளைகளுக்கு அறிவின் வாயில் திறந்த ஆசானே!

ஊர் திரும்பி, இத்தீவுப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த நாள்முதல் உங்கள் முறை ஒன்றே. பாடத்தை முழுமையாகக் கற்பிப்பீர்கள். விளங்காதவர்க்கு மீண்டும் கற்பிப்பீர்கள். அதன்பின் புத்தகத்தின் எப்பக்கத்திலும் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்பீர்கள். “உப்புத் தண்ணிக்குள்ள இருக்கிற மீனுக்குத் தாகம் எடுக்குமோ?”

“எடுக்காது டீச்சர். அது தண்ணிக்குள்ளதானே கிடக்கு” என்பான் ஓலைத்தொடுவாய்ப் பிள்ளை.

“அப்ப நீ வள்ளத்தால விழுந்தா உனக்கும் தாகம் எடுக்காதோடா?” என்பான் பக்கத்தில் இருப்பவன்.

“அவன் விழுந்தாக் கடல்தான் டீச்சர் வத்தும், அவ்வளவு குடிப்பான்!”

வகுப்பே சிரிக்கும். நீங்கள் விடை சரியா பிழையா என்று பார்த்தவரல்லர். பிழையான விடையிலும் மனம் ஓரடி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். நகராத பிள்ளைக்கு வேறு வழியாகக் கற்பித்தீர்கள். அதுவும் பலிக்காவிடில் இன்னொரு வழி. எவ்வழியாலும் நகராதபோது மட்டுமே, பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்து, கதவைச் சாத்தி, கதிரை போட்டு இருத்தி, மெல்லிய குரலில், இந்தப் பாடம் வராது என்று சொன்னீர்கள்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்குவது என் கடமை. யசிந்தா டீச்சர் பிள்ளைகளை மொக்கு என்று சொல்லச் சொல்லிவிட்டார் என்று நாளை என்னைப்பற்றித் தேநீர்க் கடையில் யாரேனும் விளம்பக்கூடும். “உன்ர மண்டைக்குள்ள களிமண்தான்” என்று வகுப்பின் நடுவே கத்துபவர் உண்மை சொல்பவர் அல்லர், அவர் கற்பிக்காதவர். “நீ கெட்டிக்காரி, எல்லாம் வரும்” என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாக்கியத்தை வழங்குபவர் அன்புடையவர் அல்லர், அவரும் கற்பிக்காதவரே. முன்னவர் பிள்ளையைப் பாராமலே தள்ளுகிறார், பின்னவர் பாராமலே தட்டிக்கொடுக்கிறார். பாராமை இருவருக்கும் பொது. இவ்விரு வகையினரும் இப்பாடசாலையில் உள்ளனர். இன்று முன்வரிசையிலும் உள்ளனர். ‘வராது’ என்று சொல்லும் உரிமை, வரச்செய்வதற்குத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்து பார்த்தவர்க்கே உண்டு. பிறர் அச்சொல்லைத் தொடவேண்டாம்.

நீங்கள் பிழைவிடாதவர் என்று எழுதி இம்மடலையும் பொய்யாக்கமாட்டேன். எருக்கலம்பிட்டி பைசருக்கு உயிரியல் வராது என்றீர்கள், வந்தது. பெறுபேறு வெளியான அன்றே அவன் வீட்டுக்குச் சென்று, அவன் வாப்பாவின் முன்னிலையில், “நான் பிழையாச் சொல்லிட்டன் மகன். நீ என்னை வெண்டிட்டாய்” என்றீர்கள். “இந்தப் பிழையை வருசா வருசம் விடுங்கோ டீச்சர்” என்று அவர் சிரித்தார். தம் கணிப்புப் பிழைத்தபோது வீடு தேடிச் சென்று திருத்திய ஆசிரியரின் கணிப்பில் ஒரு மதிப்பு இருக்கிறது. தம் வாழ்த்துப் பிழைத்தபோது ஒரு வீட்டுப் படியும் ஏறாதவர்களின் வாழ்த்தில் என்ன இருக்கிறது?

அதிபர் திரு. பார்த்தீபன் அவர்களே! மடல் நசீறா ஆசிரியைக்கு எழுதப்படினும் இனிவரும் பகுதி உங்களுக்கும் உரியது. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே செல்லாமல், அமர்ந்திருந்து கேட்பீர்களாக.

இப்பாடசாலைக்கு உயர்தர உயிரியற் பிரிவு கிடைத்தது பெருமைக்குரியது. மாணவர் தொகை குறைந்தால் அதைப் பறித்துவிடுவார்கள் என்ற உங்கள் அச்சமும் விளங்கத்தக்கது. அவ்வச்சத்துக்கு நீங்கள் கண்ட மருந்துதான் பொறுக்கத்தக்கது அன்று. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் வான் பிடித்து வீடுவீடாகச் சென்றீர்கள். விஞ்ஞானத்திற் சித்தி என்று ஒன்று இருந்தாற் போதும், “உங்கட பிள்ளை டொக்டர்” என்று வாயிற் கற்கண்டு போட்டீர்கள். வகுப்புத் தொடங்கிய முதல் நாளே, ஒரு பாடமும் நடக்குமுன்னரே, பிள்ளைகளுக்கு வெள்ளை மேலங்கி அணிவித்து, டொக்டர்மாரின் குழாயைக் கழுத்திற் தொங்கவிட்டுப் படம் எடுத்தீர்கள். இருந்தது ஒரேயொரு மேலங்கி. ஒருவர் கழற்ற மற்றவர் அணிந்தனர். நெட்டையனுக்கு முழங்கைவரை, குட்டைப் பிள்ளைக்கு விரல் நுனிவரை. அப்படங்கள், ‘எமது எதிர்கால வைத்தியர்கள்’ என்ற தலைப்போடு பதாகைகளாகி அவரவர் ஊர்ச் சந்தியில் ஏறின. முதற் பதாகையில் ஒற்றுப்பிழைகள் இருந்தன. சுட்டிக்காட்டினேன், திருத்தினீர்கள். இன்னும் படிக்கத் தொடங்காத பிள்ளையை வைத்தியர் என்பது பொய், அதையும் திருத்துங்கள் என்றேன். “அது பொய்யில்லை டீச்சர், ஊக்கம்” என்றீர்கள்.

ஊக்கம் என்றால் பிள்ளை ஏறுவதற்குக் காலடியிற் கல் வைத்துக் கொடுப்பது. நீங்கள் செய்தது, பிள்ளையின் முகத்தைக் கம்பத்தின் உச்சியிற் கட்டிவிட்டு, இறங்குவதற்கு இருந்த ஏணியை எடுத்துக்கொண்டு போனது.

தாழ்வுபாட்டுச் சந்தியில் ஏறிய முகம் தக்சிகாவினுடையது. தந்தை சிங்கராசா கடற்றொழிலாளி. தாய் பெற்றிசியா கரையிற் கருவாடு காயவிடுபவர். மூவரின் சம்மதத்தோடுமே அவர்கள் பெயர்களை இங்கே வாசிக்கிறேன். தொடக்கத்தில் சந்தியில் மீன் விற்கும் பெண்கள் மகிழ்ந்துதான் அழைத்தார்கள்.

“டொக்டரம்மா, முழங்கால் பிடிச்சிருக்கு. ஒரு ஊசி போட்டிட்டுப் போவன்!”

“முதல் அவவைக் கையைக் கழுவச் சொல்லு. சூடை மீன் மணக்குது!”

தக்சிகா சிரித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். வகுப்பில், கற்ற பக்கத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தாள். மீனின் தாகத்தைப் பற்றிக் கேட்டபோது அழுதாள். நசீறா ஆசிரியை அவர்களே, நீங்கள் அன்றே முடிவு கட்டவில்லை. பாடசாலை விட்டபின் அவளை இருத்தி, தவணை ஒன்று முடிந்து மற்றதும் முடியும்வரை கற்பித்தீர்கள். மறிச்சுக்கட்டிக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நாள்கள் எத்தனை என்பதை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அதன் பின்னரே தாயை அழைத்தீர்கள்.

“தங்கச்சி, உங்கட மகள் சோம்பேறியில்லை. இவவைப்போலப் பாடுபட்ட பிள்ளையை நான் காணயில்லை. ஆனா இந்தப் பாடம் இவவுக்கு வராது. இப்ப பிரிவை மாத்தினா ஒரு வருசத்தோட போகும்.”

“அப்ப என்ர பிள்ளைக்கு என்னதான் டீச்சர் வரும்?”

“தெரியாது. தெரியுமெண்டு சொன்னா அது பொய். நாங்க மூண்டு பேரும் இருந்து தேடுவம்.”

பெற்றிசியா எழுந்து நின்றார். “வேதக்காரப் பிள்ளையெண்டபடியாத்தானே இப்பிடிச் சொல்லுறியள்? உங்கட ஆக்களெண்டாச் சொல்லுவியளோ டீச்சர்?”

நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. சமூகத்தின் பெயரால் ஊரைவிட்டே துரத்தப்பட்ட ஒருவரைப் பார்த்து, சமூகத்தின் பெயராலேயே அக்கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் நான் பூசைக்குப் போகும் அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். அக்கேள்வி சுவரைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, மூன்று ஆண்டுகளாகத் தாழ்வுபாட்டிலும் பட்டினத்திலும் உலாவுகிறது. அதற்குரிய விடையை இன்று நான் வாசிக்கிறேன். பின்வரிசையில் இருப்போரும் கேட்கட்டும். தக்சிகாவுக்கு முந்திய ஆண்டில், அதே வகுப்பில், அதே கதிரையில் இருத்தி, அதே சொல்லை நசீறா ஆசிரியை தம் உடன்பிறந்த தமையனின் மகன் நிப்ராஸுக்குச் சொன்னார். தமையன் மனைவி இரண்டு பெருநாளுக்கு இவர் வீட்டு வட்டிலப்பத்தைத் தொடவில்லை. நிப்ராஸ் படிப்பை மாற்றினான். இன்று மீன் ஏற்றும் குளிர் லொறிகளைத் திருத்துகிறான். பெரும்பேர் ஒன்றும் இல்லை. சந்தியால் நடக்கும்போது அவனை ஒருவரும் இல்லாத பட்டம் சொல்லி அழைப்பதில்லை.

இச்செய்தியை ஆசிரியர் ஓய்வறை முழுவதும் அறிந்திருந்தது. எனக்குச் சென்ற மாதந்தான் ஸில்மியா சொன்னார். சொல்லும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் ஒருவரும் பெற்றிசியாவிடம் போய் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “எங்களுக்கேன் டீச்சர் தேவையில்லாத வேலை எண்டு எல்லாரும் விட்டிட்டம்” என்றார். ஆசிரியர் குழாத்தீரே! உடன் பணியாற்றிய ஒருத்தியின் பெயர் சந்தியிற் கிழிபடும்போது அதைத் தைப்பது தேவையில்லாத வேலை என்றால், தேவையான வேலை என்று நீங்கள் எதைச் செய்துகொண்டிருந்தீர்கள்?

பெற்றோர் கூட்டம் கூடியது. அதிபர் அவர்களே, நீங்கள் எழுந்தீர்கள். “டீச்சர் கொஞ்சம் அவசரப்பட்டிட்டா. தக்சிகா டொக்டர்தான். அதுக்கு நான் பொறுப்பு” என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. அடுத்த கிழமை நசீறா ஆசிரியைக்கு உயர்தர வகுப்பு இல்லை என்றாயிற்று. ஆறாந் தரத்துக்கு அனுப்பினீர்கள். ஆறாந் தரம் இழிவன்று. அதைத் தண்டனையாகக் கொடுத்தமையே இழிவு. பணியின் கடைசி மூன்று ஆண்டுகளையும் அவர் அங்கே கழித்தார். முறைப்பாடு செய்யவில்லை. மீனின் தாகத்தைச் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தக்சிகா பரீட்சை எழுதினாள். மூன்று பாடமும் சித்தியில்லை. மீண்டும் எழுதினாள், மீண்டும் மூன்றும் இல்லை. பொறுப்பேற்ற வாய் அவ்வீட்டுப் பக்கம் போகவில்லை. “இன்னொருக்கா எடுங்கோ, சரிவரும்” என்று தொலைபேசியில் மட்டும் சொன்னது. சந்தியில் மீன் விற்பவர்களின் பகிடியும் திசைமாறியது. “டொக்டர் இன்னும் படிச்சு முடியேல்லையோ? அதுக்குள்ள வருத்தக்காரன் செத்துப் போவானே!” தக்சிகா சந்தியால் நடப்பதை விட்டாள். விடியற்காலைப் பூசைக்கு மட்டும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கரைவழியாக வந்து போனாள்.

சென்ற மாதம் ஒருநாள் பூசை முடிந்தபின் அவள் என் வீட்டுக்கு வந்தாள். வந்து இருந்து சொன்னாள்: “நசீறா டீச்சர் வராதெண்டு சொல்லேக்க எனக்கு ஆறுதலா இருந்தது டீச்சர். ஒரு ஆளாவது கண்டிட்டா எண்டு நினைச்சனான். அம்மா அழுதா, அதால நானும் அழுதனான். பிறகு அவவையும் வகுப்பால மாத்திப்போட்டினம்.”

“நீயே அம்மாவிடம் சொல்வதற்கென்ன?” என்று கேட்டேன்.

“நான் சொன்னாக் கள்ளம் எண்டுவா. பள்ளிக்கூடந்தான் சொல்லோணும். டொக்டர் எண்டு சொன்னது பள்ளிக்கூடந்தானே.”

சபையோரே! இதைக் கேட்டபின் எனக்கு உறக்கம் குறைந்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் மனம் உடையும் என்று நாம் வாதாடுகிறோம். பிள்ளைக்கு முன்னரே தெரியும். ஒவ்வொரு வினாத்தாளின் முன்னும் அது தனியே இருந்து தெரிந்துகொள்கிறது. நம் இனிய பொய்யால் பிள்ளை ஏமாறுவதில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஓர் ஆளில்லாமற் போகிறது, அவ்வளவுதான். ஏமாறுகிறவர்கள் தாயும் தந்தையும். ஏமாந்த தாய்தந்தையரின் மகிழ்ச்சியைக் காவல் காக்கும் பொறுப்பைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். பிறகு அதற்கு ஊக்கம் என்று பெயரிடுகிறோம்.

அதிபர் அவர்களே, முறைப்படி முதலில் உங்களிடமே வந்தேன். நீங்கள் சொன்னதை நீங்களே போய்த் திருத்துங்கள் என்றேன். “இந்த வருசச் சேர்க்கை முடியட்டும் டீச்சர், பிறகு பாப்பம்” என்றீர்கள். அவ்வாக்கியத்தை நான் மறக்கவில்லை. சட்டத்துக்குள் வைத்துக் கண்ணாடி போட்டு இச்சுவரில் மாட்டுவதற்காக இங்கே எழுதியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு தக்சிகாவை அழைத்துக்கொண்டு நானே கரைக்குப் போனேன். பெற்றிசியா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மகளுக்கு இப்பாடம் வராது, மூன்றாம் முறையும் வராது என்று சொன்னேன். குனிந்தபடியே புரட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப இவ்வளவு காலமும் ஏன் டீச்சர் ஒருத்தரும் சொல்லேல்ல?”

“ஒருவர் சொன்னார்” என்றேன்.

கை நின்றது. “ஓம். அவவுக்கு நான் என்ன சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியும் என்றேன். நிப்ராஸைப் பற்றியும் சொன்னேன். அவர் மணலைப் பார்த்தார். “அதை அண்டைக்கே அவ சொல்லியிருக்கலாந்தானே.”

“சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா, பெற்றிசியா?”

“இல்லை” என்றார். இப்பாடசாலை மூன்று ஆண்டுகளாகச் சொல்லத் துணியாத அளவு நேர்மையான விடை அது. பிறகு மகளின் பக்கம் திரும்பினார். “நீயும் வாயை மூடிக்கொண்டுதானேடி இருந்தனீ? ஏன்?”

“நீங்கள் சந்தியில என்ர பனருக்கு மாலை போட்டனீங்கள் அம்மா” என்றாள் தக்சிகா.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிங்கராசா எழுந்து சந்திக்குப் போனார். அவர் இறக்கிக்கொண்டு வந்த பதாகையில் முகம் வெயிலில் வெளுத்து, மேலங்கி மட்டுமே தெரிந்தது. “நல்ல சீலை, மழைக்குக் கருவாடு மூட உதவும்” என்றார். தக்சிகா சிரித்தாள். அவள் சிரித்ததை நான் கண்டு நெடுங்காலம். மூன்றாம் முறை அவள் எழுதமாட்டாள். இனி என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல இங்கே எழுதி உங்களை ஆற்றமாட்டேன்.

இவ்வாண்டுப் புதிய வகுப்புக்குப் படமெடுக்க வெள்ளை மேலங்கி சலவை செய்யப்பட்டு வந்துவிட்டதாக அறிகிறேன். எடுக்காதீர்கள். முதலிற் கற்பியுங்கள். கற்பித்தபின் பிள்ளையை இருத்திக் கேள்வி கேளுங்கள். வருமாயின் வரும் என்றும், வராதாயின் வராது என்றும், தெரியாதாயின் தெரியாது என்றும் சொல்லுங்கள். தொகை குறைந்து பிரிவு போகுமாயின் போகட்டும். பிள்ளைகளைப் பலியிட்டு நிலைநிறுத்தும் பிரிவொன்று இத்தீவுக்கு வேண்டியதில்லை.

மெய்யுரைத்து மௌனம் காத்த மேன்மையாளே!

உங்களை வாழ்த்த வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். காட்டோரத்து உங்கள் வளவுக்குள் யானை வராதிருக்கட்டும். கரும்பலகையின் முன் நின்று தேய்ந்த உங்கள் முழங்கால்களுக்கு நோவு குறையட்டும். மச்சியும் மருமக்களும் பெருநாள்தோறும் உங்கள் முற்றத்தை நிறைக்கட்டும். நீங்கள் அழைக்கும் பெயராலும் நான் அழைக்கும் பெயராலும் இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த பார்வையையும் தந்தருளட்டும். எங்களை மன்னியுங்கள் என்று மட்டும் சபையின் சார்பில் கேட்கமாட்டேன். மன்னிப்பதா இல்லையா என்பது உங்கள் உரிமை. பொன்னாடை ஒன்றைப் போர்த்தி அதை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள எங்களால் முடியாது.

இம்மடலின் அடியில் ஆசிரியர் குழாத்தின் பெயர்களை நான் அச்சிடுவிக்கவில்லை. பொய்யின் முன் வாய்மூடி இருந்தவர்களை, அவர்களைக் கேளாமலே உண்மையின் கீழ் நிறுத்துவது முறையன்று. கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனா மேசையில் இருக்கிறது. ஒப்பமிட விரும்புவோர் சபை காண எழுந்து வந்து இடுக. அதிபர் அவர்களே, உங்களுக்கும் இடமுண்டு.

முதல் ஒப்பம் ஏற்கெனவே இடப்பட்டுவிட்டது. “முகத்துக்கு நேர மன்னிப்புக் கேக்க எனக்கு ஏலாது டீச்சர். நீங்கள் எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார். நேற்று எழுதி முடித்துக் கொண்டுபோனேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தாம் சொன்ன அந்தக் கேள்வி வரும் இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அதை அழிக்கவா என்று கேட்டேன். “வேண்டாம், கிடக்கட்டும்” என்றார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து இட்டார்.

ஒப்பம்:

பெற்றிசியா சிங்கராசா
தாழ்வுபாடு

மடல் யாத்தவர்:

யசிந்தா பெனடிக்ற்
ஓய்வுநிலைப் பிரதி அதிபர்

ஆசிரியர் குழாம்:

........................................

........................................

........................................